படுத்துக்கிடந்த சாமிக்குக் கற்பூரம்

1

விழுந்து கிடந்த ஒரு புளியமரத்தை, ஒரே ஒரு வில்லைக் கற்பூரத்தைக் காட்டி, எழுந்து ஓரமாகப் போகவைத்தவன் நான். ஏதோ வேலியோரத்துக் கன்று என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு பேர் கைகோத்தாலும் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. (ஆறு பேர் என்று முதலில் எழுதியிருந்தேன். என் மனைவி கமலா படித்துவிட்டு, நாலே ஜாஸ்தி என்றாள்.) கல்வராயன் மலையடிவாரத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில், ஊரே பார்க்க நடந்தது. போகிற போக்கில் மரம் என்னைத் திரும்பிப் பார்த்து, "கோச்சுக்காத கண்டக்டரே" என்றுகூடச் சொன்னது. அதை எழுதினால் நம்ப மாட்டீர்கள் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன கார்த்திகை தீபத்தன்று எங்கள் கள்ளக்குறிச்சி வீட்டில் கமலா சாமிக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தாள். கரண்டு போயிற்று. கற்பூர வெளிச்சத்தில் எல்லார் முகமும் அழகாகத் தெரிந்தது. அந்த உற்சாகத்தில் மேலே சொன்ன சாதனையை எடுத்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கமலாவின் அண்ணன் பாவாடை மட்டும் சிரித்தார்.

"பொய்யி. அந்த மரத்த பத்து நாள் கழிச்சி டிராக்டர வெச்சி இழுத்தாங்க."

"நீங்க அங்க இருந்தீங்களா மச்சான்?"

"நான் எதுக்கு மாப்ள அங்க இருக்கேன்? அந்த வாரம் மூங்கில்துறைப்பட்டுல கரும்பு வண்டி ஓட்டிக்கினு இருந்தேன்."

வட தமிழ்நாட்டில் ஒரு சைக்கிள்கூட நகராத வாரத்தில் கரும்பு வண்டி ஓட்டிய ஒரே மனிதர் என் மச்சான்தான். அதை நான் சுட்டிக்காட்டவில்லை. எழுதிக் காட்டுகிறேன், எங்கே பொய் என்று நீங்களே பென்சிலால் கோடு போடுங்கள் என்றேன். சம்மதித்தார். ஆகவே இதை நீங்கள் படிப்பதற்கு முன்பே ஒருவர் படித்திருக்கிறார். அங்கங்கே பென்சில் தடம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் கிழித்துக் கொடுத்தே காலம் தள்ளியவன். நடுவில் என்ன நடந்தது என்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

2

முதல் ஆரம்பம்:

"1987ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இடஒதுக்கீடு கோரி நடைபெற்ற சாலை மறியலின்போது தமிழகத்தின் வட மாவட்டங்களில்..."

அடித்துவிட்டேன். மியூசியத்தில் மாட்டிவைக்கும் பலகை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது ஆரம்பம்:

"கல்வராயன் மலைமுகட்டில் மேகம் பஞ்சுபோல் தவழ்ந்தது. தூரத்தில் ஒரு குயில்..."

குயிலை நான் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் டிரைவர் பழனியின் இருமல்.

மூன்றாவது ஆரம்பம்:

"பஸ் நின்றது."

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

(வேடிக்கையாக எழுத உட்கார்ந்தவன்தான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாரத்தில் ரோட்டில் உயிர்கள் போயின. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கும் பங்கு கொடு என்று நின்றவர்கள் அவர்கள். அந்த இடத்தில் என் கேலிக்கு வேலையில்லை. நான் சொல்லப்போவது மலையடிவாரத்தில் ஒரு முனையில், ஒரு மரத்தைச் சுற்றி, ஒரு சாயங்காலம் நடந்ததை மட்டும்.)

3

பஸ் நின்றது. மலைமேல் வெள்ளிமலையில் இரவு தங்கிய பஸ். மறியல் என்று ரேடியோ சொன்னது. பழனி நம்பவில்லை. ரேடியோ மழை வரும் என்றுகூடத்தான் சொல்கிறது என்றார். மத்தியானத்துக்குமேல் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினோம்.

அந்த நாலைந்து பேரில் இருவர் நம் கதைக்கு வேண்டியவர்கள். மலையில் சாமை விதைக்கிற பெரியண்ணன். அவர் மகள் பொன்னாயி. பொன்னாயிக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. மலைவாழ் மக்களுக்கு ஒதுக்கிய இடம். அவர்கள் ஊரிலிருந்து அப்படி ஒரு படிப்புக்கு இறங்குகிற முதல் பெண் அவள்தான். மறுநாள் காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சி ஆபீஸில் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். ஊரே மூடிக் கிடக்கையில் ஆபீஸ் மட்டும் எப்படித் திறக்கும் என்று கேட்பீர்கள். அந்த அதிகாரிக்கு ஆபீஸின் பின்கட்டிலேயே குடியிருப்பு. அவர் வேலைக்கு வராமலிருக்க ஒரே வழி வீட்டை விட்டு ஓடுவதுதான்.

பெரியண்ணன் கையில் ஒரு மூட்டை. அதில் தேங்காய், அகல்விளக்கு, எண்ணெய் பாட்டில். அது எதற்கு என்று பஸ்ஸிலேயே விசாரித்துவிட்டேன். கண்டக்டருக்கு எல்லார் மூட்டையும் சொந்த மூட்டை மாதிரி. அவர்கள் வழக்கப்படி, மலையை விட்டு வெளியூரில் தங்கப் போகிறவர்களுக்கு மலைச்சாமி அடிவாரம் வரைக்கும்தான் துணைக்கு வருமாம். அடிவாரத்தில் எல்லையப்பன் இருக்கிறார். அவருக்கு விளக்குக் காட்டி, இந்தப் பிள்ளையை இனி நீ பார்த்துக்கொள் என்று கைமாற்றிவிட வேண்டும். கைமாற்றாமல் போனால் வழியில் அந்தப் பிள்ளைக்கு எந்தச் சாமியும் பொறுப்பில்லை.

அந்த எல்லையப்பனுக்குச் சிலை கிடையாது, கல் கிடையாது. சாலையோரத்தில் நின்ற ஒரு புளியமரம்தான் அவர். அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அடிவாரத்து ஊர்ப் பெண்கள் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார்கள்.

பஸ் நின்ற இடத்தில் எல்லையப்பன் சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தார்.

4

மறியலுக்கு மரம் வெட்டியவர்கள் விடிவதற்கு முன், இருட்டில் வெட்டியிருக்கிறார்கள். கைக்கு எட்டியது எது, சாமி எது என்று பார்க்க வெளிச்சமில்லை. விடிந்தபிறகுதான் மஞ்சள் துணி கண்ணில் பட்டிருக்கிறது. அந்த நிமிஷமே எல்லாரும் மரத்தை விட்டுப் பின்வாங்கிவிட்டார்கள்.

நான் பார்த்ததிலேயே விசித்திரமான மறியல் அது. மற்ற ஊர்களில் வெட்டிய மரத்தின் மேலேயே உட்கார்ந்து சீட்டாடினார்கள். இங்கே மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் சாமி. யாரும் கிட்டே வருவதில்லை. ஒரு பக்கம் கோமுகிக் கால்வாய் கரை தளும்ப ஓடியது. மரத்தின் கிளைகளெல்லாம் அதற்குள் கிடந்தன. மறுபக்கம் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், மழைத்தண்ணீர் நிறைந்து யானை முழுகும் ஆழம். (பென்சில் கோடு. சரி, யானையை இறக்கிப் பார்க்கவில்லை.) வெட்டுப்பட்ட அடிமரம் தன் கட்டையின் மேலேயே தலை சாய்த்துக் கிடந்தது. இடையில் நுழைய வழியில்லை. போக வேண்டுமானால் தாண்டித்தான் போக வேண்டும்.

சாமியை எப்படித் தாண்டுவது?

மறியல்காரர்களில் அய்யனார் என்ற ஒரு இளைஞன் என்னிடம் வந்து பேசினான். ரொம்ப மரியாதையான பிள்ளை.

"நடந்து போறவங்கள வுட சொல்லிதாங்க சொல்லிக்கிறாங்க. நாங்க யாரையும் தடுக்கல. ஆனா இத எப்டிங்க தாண்டுவீங்க? எங்க ஆளுங்களே பாதிப் பேரு இந்தாண்ட மாட்டிக்கினாங்க. சோறு அந்தாண்ட கீது."

உண்மைதான். காலையிலிருந்து எங்கள் பக்கத்து மறியல்காரர்கள் பட்டினி. அந்தப் பக்கத்துச் சோற்று அண்டாவை இவர்கள் பார்க்கலாம், வாசனை பிடிக்கலாம். தூக்கி எறியச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாமிக்கு மேலே சோற்றை எறிவதா என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் அன்று எல்லா மறியலும் அரசாங்கத்தை மறித்தன. இது ஒன்றுதான் மறியலையே மறித்தது.

நகர்த்திவிடலாமே என்றேன். யாராவது முதலில் கை வைத்தால் மற்றவர்கள் வைப்பார்கள் என்றான். யார் முதலில் வைப்பது என்பதுதான் காலையிலிருந்து நடக்கிற பேச்சு. வெட்டியவனே வைக்கட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். வெட்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இருட்டல்லவா.

5

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு கட்டுரை எழுதப் போகிறேன். அவசரக்காரர்கள் ஆறாம் பகுதிக்குப் போகலாம். பொன்னாயியும் அவசரத்தில்தான் இருக்கிறாள், ஆனால் அவளாலேயே போக முடியவில்லை, நீங்கள் மட்டும் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

சாமிக்கு ஏன் விளக்கைச் சுற்றிக் காட்டுகிறோம்? இதை எழுதுவதற்காக மூன்று பேரிடம் கேட்டேன்.

எங்கள் கோயில் குருக்கள், கற்பூரம் எரிந்தபின் சாம்பல்கூட மிஞ்சுவதில்லை, நான் என்கிற நினைப்பும் அப்படி மிச்சமில்லாமல் கரைய வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, "இத நான்தான் சொன்னேன்னு பேரோட போடுங்க" என்றார்.

பக்கத்து வீட்டு அமிர்தம், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், காட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு என்றார். முதலில் பாதம், பிறகு நடு உடம்பு, பிறகு முகம், கடைசியில் முழு உருவத்துக்கும் ஒரு சுற்று. ஒருவரைத் தெரிந்துகொள்ளும் ஒழுங்கு அது, எடுத்த எடுப்பில் முகத்துக்குப் போகக் கூடாது என்பது அவர் விளக்கம்.

கமலா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "கருவறை இருட்டா இருக்கும். மூஞ்சி தெரியணும்னு காட்டுறாங்க. இதுக்கு இன்னாத்துக்குக் கட்டுரை?"

மூன்றையும் எழுதி வைத்துப் பார்த்தேன். மூன்றும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்று பேரும் விளக்கு சாமியிடம் போகிற பாதியைத்தான் சொல்கிறார்கள். அது திரும்பி நம்மிடம் வருகிற பாதி ஒன்று இருக்கிறது. சாமிக்குக் காட்டிய அதே நெருப்பு, தட்டோடு வெளியே வந்து ஒவ்வொருத்தர் முன்பும் நிற்கிறது. அந்த ஒரு நிமிஷம் நம் முகமும் வெளிச்சத்தில் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

* இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. மச்சானுக்குப் புரியவில்லையா, புரிந்துவிட்டதா என்று தெரியவில்லை.

6

பெரியண்ணனை எழுதுவதில்தான் எனக்குத் தகராறு. என் கையெழுத்துப் பிரதியைப் படித்த கமலா, இந்த ஆளை நான் நம்ப மாட்டேன் என்றாள். தன் சாமியை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், மகள் படிப்பு போகப் போகிறது, ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் நிற்பானா ஒரு மனுசன்?

நியாயமான கேள்வி. ஆகவே கோபமான பெரியண்ணன் ஒருவரை எழுதிப் பார்த்தேன்:

"அவர் கண்கள் சிவந்தன. 'எங்கள் தெய்வத்தை வீழ்த்திய நீங்கள் நீதி கேட்கிறீர்களா?' என்று அவர் குரல் மலையெங்கும் எதிரொலி..."

இப்படிப் பேசுகிறவர் சாமை விதைக்க மாட்டார், மைக் முன்னால் நிற்பார். அடித்துவிட்டேன்.

நிஜத்தில் அவர் மரத்தைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார். கால்வாய்ப் பக்கம் கொஞ்சம் நடந்துபோய்க் கிளைகளைப் பார்த்தார். திரும்பி வந்து அடிக்கட்டையைப் பார்த்தார். பிறகு, ஊருக்குப் புதிதாக வந்தவர் வழி கேட்பது மாதிரி, மறியல்காரர்களைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப மூஞ்சி எந்தப் பக்கம் கீதுங்க?"

நிற்கிற சாமிக்கு விளக்குக் காட்ட எல்லாருக்கும் தெரியும். படுத்திருக்கிற சாமிக்கு எங்கே ஆரம்பிப்பது? கூட்டத்தில் ஒரு சாரார் சாமி வேரோடு கட்டையில்தான் இருக்கிறார், விழுந்தது வெறும் மரம் என்றார்கள். அப்படியானால் தாண்டலாமே என்று பசித்தவர்கள் ஆசைப்பட்டார்கள். இன்னொரு சாரார் மஞ்சள் துணி விழுந்த துண்டோடுதான் போயிருக்கிறது, அதனால் சாமி அதில்தான் என்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் கத்திக் கருத்துச் சொன்னார்கள். இவ்வளவு ஆழமான சமய விவாதத்தை நான் எந்த மடத்திலும் கேட்டதில்லை. (மடத்துக்கு நான் போனதில்லை.)

பொன்னாயி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குச் சாமி எங்கே இருக்கிறார் என்பது பிரச்சினை இல்லை. இன்னும் ஆறேழு மணி நேர நடை இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

"யப்பா, நான் தாண்டிடறேன். சாமி கோச்சுக்கினா நான் பேசிக்கறேன். நாளைக்கு அந்த ஆபீசர் கிட்ட போயி, சாமி படுத்துக்கினு கீதுங்க, அதான் வரலன்னா நம்புவாரா?"

பெரியண்ணன் மறுத்தார். சத்தம் போடவில்லை. கைமாற்றாமல் அனுப்பினால் உனக்கு ஒன்று ஆனால் நான் யாரைப் போய்க் கேட்பேன் என்றார், அவ்வளவுதான். பொன்னாயி அழுகிற ஜாதி இல்லை. ஆனால் அப்போது அவள் மேற்கே சூரியன் எங்கே என்று பார்த்த பார்வையை நான் எழுதத் தெரியாமல் விட்டுவிடுகிறேன்.

அய்யனார் அவளிடம் என்ன படிப்பு என்று கேட்டான். சொன்னாள். எந்த ஒதுக்கீடு என்று கேட்டான். அதையும் சொன்னாள். கூட்டத்தில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அய்யனார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்க வூட்டுப் பொண்ணுங்களும் இதுமாரி பையத் தூக்கிக்கினு போவணும்னுதாங்க இங்க நின்னுக்கினு கீறோம்."

7

பெரியண்ணன் முடிவுக்கு வந்தார். கட்டை காலடி, கிளைமுனை முடி. அடியிலிருந்து முடிவரைக்கும் நடந்து காட்டிவிட்டால் மூஞ்சி எங்கே இருந்தாலும் அதில் வெளிச்சம் படாமலா போகும்? விவாதித்த இரண்டு தரப்பும் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

அகலில் எண்ணெய் ஊற்றி ஏற்றினார். கால்வாய்க் காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி போயிற்று.

இப்போது நான் வருகிறேன். என் சாதனை இங்கேதான் தொடங்குகிறது, நிமிர்ந்து உட்காருங்கள்.

எங்கள் பஸ்ஸில் தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் பழனி கற்பூரம் காட்டுவார். அந்த டப்பா ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். ஓடிப்போய் எடுத்துவந்தேன். தட்டு இல்லை. பழனியின் சாப்பாட்டுத் தூக்கின் மூடியைக் கவிழ்த்து, அதன் மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தினோம். புளிச்சோற்று வாசனையோடு எல்லையப்பனுக்குத் தீபாராதனை தொடங்கியது. புளியமரத்துக்குப் புளிச்சோறு பொருத்தம்தானே?

காற்றை மறைக்க என் தோல் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பெரியண்ணனுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தேன். அவர் மரத்தைப் பார்த்து நடந்தார், நான் அவரைப் பார்த்து நடந்தேன். கற்பூரம் தீரத் தீர அடுத்ததை வைத்தேன். (முதல் வரியில் ஒரே ஒரு வில்லை என்றது கதையின் அழகுக்காக.) அவர் கட்டையில் தொடங்கினார். வெட்டுக்காயத்தில் காட்டினார். மஞ்சள் துணியில் காட்டினார். பட்டையில் பிள்ளைகள் செதுக்கியிருந்த பெயர்களுக்கெல்லாம் காட்டினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மந்திரம் என்று நினைத்தேன். கிட்டத்தில் கேட்டால், பொன்னாயி எந்த நட்சத்திரத்தில் பிறந்தாள், எதைச் சாப்பிட்டால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, இருட்டில் பயப்படுவாள் ஆனால் வெளியே சொல்ல மாட்டாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பெண்ணைப் புது இடத்தில் விடுகிற அப்பா எல்லாரும் பேசுகிற பேச்சு.

கால்வாய்க் கரையில் நின்று தண்ணீரில் கிடந்த கிளைமுனைக்கும் காட்டியபின், முழு மரத்துக்குமாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றினார். பொன்னாயி தேங்காயை உடைத்தாள். பிறகு அவர் வழக்கப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். மூடியோடு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

உங்களுக்குத் தெரியும். தட்டு நம்மை நோக்கி வந்தால் நாம் என்ன செய்வோம்? கையில் இருப்பதைக் கீழே வைப்போம். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அடிவாரத்தில் தடிகளும் கோடாலிகளும் ஒவ்வொன்றாகத் தரைக்கு வருகிற சத்தம் கேட்டது. மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமாக எழுந்து எழுந்து மறைந்தது. நானும் பையைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடைசியில் ஒருவர், கூட்டத்தை விட்டு விலகி, கண் மட்டும் தெரிய முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லையாம். தட்டு அவர் முன்னால் நின்றது. முகத்தை மூடிக்கொண்டு எப்படி நெருப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது? துண்டை எடுத்தால்தான் முடியும். பெரியண்ணன் நகராமல் நின்றார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

அவர் துண்டை அவிழ்த்தார். கற்பூர வெளிச்சத்தில் நான் பார்த்த அந்த முகம், பா...

(பேனாவில் மை தீர்ந்துவிட்டது.)

8

பேனாவில் மை ஊற்றிவிட்டேன். ஆனாலும் பெயரை எழுதப் போவதில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்குமேல் ஒருவர் ஒரு விஷயத்தை மூடி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். நானும் அன்றைக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டில் விருந்து சாப்பிட்டபோதும் இரண்டு பேரும் கரும்பு விளைச்சலைப் பற்றித்தான் பேசினோம்.

பொன்னாயி மறுநாள் காலை பத்து மணிக்கு முன்பே ஆபீஸில் நின்றாள். உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்கள் நடந்தே போனோம். வழியில் கிடந்த மற்ற மரங்களெல்லாம் சும்மா மரங்கள், தாண்டினோம். ஒவ்வொரு மறியலிலும் ஒரு ஆள் எங்களுக்கு முன்னால் போய், "நம்ம வூட்டுப் பொண்ணு, வுடுங்க" என்று சொன்னார். அவர் தோளில் துண்டு கிடந்தது. மேற்கொண்டு கேட்காதீர்கள். பொன்னாயி பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கே நர்ஸாக வந்தாள். என் இளைய மகனுக்கு ஊசி போட்டபோது, சாமி அப்பாடின்னு எழுந்து வழி வுட்டுச்சே, நீ ஏண்டா இதுக்கு அழுவுற என்றாள். பார்த்தீர்களா, இந்தப் பொய்யில் எனக்குக் கூட்டாளி உண்டு.

மிச்சமிருப்பது ஒன்றுதான். மரம் எப்படி நகர்ந்தது? அதற்கு மூன்று முடிவுகள் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) முதல் வரியில் சொன்னபடி மரம் தானாக எழுந்து போயிற்று. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பேரப்பிள்ளைகளின் ஆதரவும் இதற்குத்தான்.

(ஆ) மச்சான் சொல்கிறபடி, மரம் நகரவே இல்லை, பத்து நாள் கழித்து டிராக்டர் இழுத்தது. இதில் ஒரு சின்னச் சங்கடம், பொன்னாயி எப்படிப் போனாள் என்று அவர்தான் எழுதித் தர வேண்டும்.

(இ) துண்டுக்காரன் துண்டை அவிழ்த்தான். சுற்றிலும் பார்த்தான். குனிந்து, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தான். "போய்யா, மரத்துக்கு என்னய்யா பூசை" என்று பெரியண்ணனைத் தள்ளிவிட்டு நடந்தான். பயந்துபோன மற்றவர்கள் மரத்தை எப்படியோ நெம்பி நகர்த்தினார்கள்.

மூன்றாவது எப்படி? கொஞ்சம் காரமாக இருக்கிறது, இல்லையா? பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் விரும்புவார்கள். இதோடு கதையை முடித்து, மடித்து, மச்சானிடம் கொடுத்துவிட்டேன். முடிவு இனி என் பொறுப்பில்லை.

9

ஒன்பதாம் பகுதி என்று ஒன்று இருக்கவே கூடாது. முடிவை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் நேற்று மத்தியானம் மச்சான் வந்தார். பஸ் ஏறி, வெயிலில், சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல். கமலா வைத்த மோரை வாங்கிக் கீழே வைத்தார். மடித்த காகிதங்களை என் மேஜையில் போட்டார். கடைசிப் பக்கத்தில் (இ) முழுவதையும் பென்சிலால் அடித்திருந்தார். அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் எனக்கு அது எவ்வளவு சிரமமான காரியம் என்று கமலாவைக் கேளுங்கள்.

"மாப்ள, வாயால ஊதினான்னு எழுதிக்கிற."

"கதைதான மச்சான்."

"எங்கம்மா வெள்ளிக்கெழம தவறாம வெளக்கேத்துன மரம் அது. வெட்டினது நான்தான்னு தெரியாமயே போயி சேர்ந்துடுச்சி. அந்த மரத்தாண்ட நின்னுக்கினு, வெளக்க நான் வாயால ஊதுவனா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கமலாவுக்கும் அது அம்மாதான். மச்சான் தங்கை இருந்த பக்கம் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்தப் பென்சிலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"துண்ட எடுத்துட்டு ரெண்டு கையாலயும் ஒத்திக்கினேன். அப்புறம் நேரா போயி மொதல்ல தோள் குடுத்தேன். அப்பறந்தான் அய்யனாரு வந்தான், எல்லாம் வந்தாங்க. ஒரு ஆளு ஒருக்களிச்சிப் போற அளவுக்குதான் நவுந்துச்சி, நீ எழுதுற மாரி எங்கயும் எழுந்து போவல. மொத வெட்டும் நான்தான், மொத தோளும் நான்தான். ரெண்டையும் எழுது."